பென் நெவிஸ் உச்சியில் கூரையில்லாத வீடு

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
12 மார்ச் 1991, இரவு

அன்புள்ள பாலா அக்கா,

இதைக் குளியலறைக்குள் இருந்து எழுதுகிறேன். பேனை ஓடும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறேன். பேனைக்குச் சத்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பயமாக இருக்கிறது.

உங்கள் விலாசத்தை டூட்டிங்கில் கடை வைத்திருக்கும் எமில்டா அக்காவிடம் வாங்கினேன். அவர் அத்தானின் சொந்தமாம். (அத்தான் என்று எழுதலாமா? இரண்டு வருடமாக அந்தச் சொல்லை மனதுக்குள் மட்டும்தான் சொல்லிப் பார்க்கிறேன்.)

விஷயம் இதுதான். மே மாதக் கடைசியில் எங்கள் வகுப்பு பென் நெவிஸ் மலை ஏறப் போகிறது. இந்த நாட்டிலேயே உயரமான மலை! புவியியல் ரீச்சர் மிஸ்டர் ஹோல்ட் வரைபடத்தை விரித்து, மலை அடிவாரத்தில் ஓர் ஊரைக் காட்டினார். ஃபோர்ட் வில்லியம். அக்கா, உங்கள் ஊர்! எனக்கு நெஞ்சு அடித்த அடியில் பக்கத்து மேசை லலிதா திரும்பிப் பார்த்தாள்.

நீங்கள் மேலே வருவீர்களா? உங்கள் வீட்டுக்கு நான் வர முடியாது, ரீச்சர்மார் விடமாட்டார்கள். ஆனால் மலை எல்லோருக்கும் பொதுதானே?

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒரு வேதக்காரரை, கிறிஸ்தவரை, பதிவுக் கல்யாணம் செய்ததை மாமா வந்து சொன்ன அன்று, அப்பா சுவாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். "இனி அவளும் நானும் ஒரு கூரைக்குக் கீழை இருக்க மாட்டம்" என்றார். நான் படியில் நின்று பார்த்தேன். அவர் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அம்மா மஞ்சள் பூசிவிட்டார். அதன் பிறகு இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்லவில்லை.

பதில் போட்டால் லலிதா வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள். அவள் பாடசாலைக்குக் கொண்டு வருவாள்.

அப்பா இன்னும் பயணச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. கேட்கவே பயமாக இருக்கிறது.

கௌரி


ஃபோர்ட் வில்லியம்
19 மார்ச் 1991

கௌரிக் குட்டிக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கி, வாசலில் நின்றே மூன்று தரம் வாசித்தேன். நாலாம் தரம் வாசிக்கும்போது கோபம் வந்தது. இரண்டு வருடம், கௌரி. எனக்கு எழுத ஒரு மலை தேவைப்பட்டதா உனக்கு?

சரி, பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்திருக்கும் என்று பிறகு யோசித்தேன். இப்போது பதினாலு. உயர்ந்திருப்பாய்.

அத்தான் என்றே எழுது. அவர் இங்கே ஒரு ஹொட்டேலில் சமையல். நான் அதே ஹொட்டேலில் அறைகள் பார்க்கிறேன். இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். யன்னலைத் திறந்தால் அந்த மலை இருக்க வேண்டும். ஆனால் பத்து நாளில் எட்டு நாள் மேகம்தான் தெரியும். அத்தான் போன கோடையில் ஏறிவிட்டு வந்து, இன்னமும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் ஏறியதில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கண்ட மேடு என்ன, பாலத்து ஏற்றம் தவிர?

உச்சியில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறதாம். நூறு வருடத்துக்கு முதல் வானிலை பார்ப்பதற்குக் கட்டியது. இருபது வருடம் ஆட்கள் அங்கேயே குடியிருந்திருக்கிறார்கள். மாரியில் கதவு பனிக்குள் புதைந்துபோனால் கோபுரத்தின் வழியாக வெளியே வருவார்களாம். இப்போது கல்லுச் சுவர் மட்டும் மிச்சம். கோபுரம் இருந்த குவியலுக்கு மேலே ஒரு சின்னக் கொட்டில் வைத்திருக்கிறார்கள். மழையில் மாட்டுப்பட்டவர்கள் ஒதுங்குவதற்கு.

வருவேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அப்பாவின் கையெழுத்தை நீயே போட்டுவிடாதே. முப்பது வருடம் தபால் அதிபராக இருந்த மனுசன். கையெழுத்தைத் தூரத்தில் வைத்தே பிடித்துவிடுவார்.

உன் அக்கா


ஃபாரஸ்ட் கேட்
3 ஏப்ரல் 1991, இரவு

அன்புள்ள அக்கா,

கையெழுத்துக் கிடைத்துவிட்டது! உண்மையான கையெழுத்து!

நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் கேட்டேன். "மலை ஏறிப் படிக்கிற பாடம் என்ன பாடம்? உங்கை வன்ஸ்டெட் வெளியிலை ஓடு, காணும்" என்றார். அம்மா, "பொம்பிளைப் பிள்ளையை இரவு ரயிலிலை விடுறதோ?" என்றார். முடிந்தது என்று நினைத்து, அறைக்குள் போய் அழுதேன்.

அடுத்த நாள் அப்பா பெற்றோல் நிலையத்து வேலைக்குப் போகமுதல் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, "எங்கை, அந்தத் தாளைக் கொண்டு வா" என்றார். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். ஃபோர்ட் வில்லியம் என்ற இடம். அவர் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். பிறகு, "உந்தச் சப்பாத்தோடை ஏறேலாது. நல்லதொண்டு வாங்கு" என்றார்.

ஏன் சம்மதித்தார் என்று யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது. வேண்டாம், யோசிக்கவில்லை.

லலிதா இருக்கும் மாடிக் கட்டடத்தில் பதினாலு மாடி. பாடசாலை விட்டதும் தினமும் மூன்று தரம் ஏறி இறங்குகிறேன். லிஃப்டில் போகிற கிழவர் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஏறுவது மே 29, புதன். இப்போது நீங்கள் சொல்ல வேண்டும். ஓமா, இல்லையா?

கௌரி


ஃபோர்ட் வில்லியம்
15 ஏப்ரல் 1991

கௌரி,

ஓம்.

அத்தான் என்னை இப்போதே பழக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை அரைவாசியில் இருக்கும் ஏரி வரை போனேன். அங்கே ஒரு கல்லில் குந்தி, இனி என்னால் ஏலாது என்று சொன்னேன். அவர், "உம்மடை தங்கச்சி பதினாலு மாடி ஏறுறா" என்றார். எழும்பி நடந்தேன்.

நீங்கள் ஏறுவது 29ஆம் திகதி, புதன். நான் முந்தி ஏறி, அந்தக் கொட்டிலுக்குள் இருப்பேன். சிவப்புக் கோட். அத்தான் ஏரியடியில் தேத்தண்ணிப் போத்தலோடு நிற்பார். உன்னைக் கண்டதும் கத்தக் கூடாது. மிஸ்டர் ஹோல்டுக்கு, தெரிந்த ஒரு அக்கா என்று சொல். பொய் இல்லைத்தானே.

அப்பாவின் முழங்கால் எப்படி? கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுதிவிட்டேன். வெட்டவில்லை.

அக்கா


ஃபாரஸ்ட் கேட்
21 மே 1991, இரவு

அக்கா,

வராதீர்கள்! தயவுசெய்து வராதீர்கள்!

எங்களோடு வர இருந்த ஒரு பிள்ளையின் தகப்பனுக்குக் கால் சுளுக்கிவிட்டது. இன்னொரு பெரிய ஆள் இல்லாவிட்டால் பயணம் இல்லை என்று மிஸ்டர் ஹோல்ட் எல்லா வீட்டுக்கும் கடிதம் அனுப்பினார். அப்பா அதை வாசித்துவிட்டு, "நான் வாறன் எண்டு சொல்லு" என்றார். அம்மாவின் கையில் இருந்த அகப்பை நிலத்தில் விழுந்தது.

"ஐம்பத்தாறு வயசிலை மலையோ உங்களுக்கு? முழங்காலை என்ன செய்யப்போறியள்?"

"முழங்காலும் என்னோடைதான் வரும்."

பெற்றோல் நிலையத்தில் ஐந்து நாள் லீவு எடுத்துவிட்டார். மூன்று வருடத்தில் ஒரு நாள் எடுக்காத மனுசன், அக்கா! அவர் உங்களை அங்கே கண்டால் எல்லோருக்கும் முன்னால் திரும்பி நடந்துவிடுவார். பனிக்குள், மேகத்துக்குள், தனியே. வடக்குப் பக்கத்தில் பாறை நேரே கீழே விழுகிறது, பாதை தவறக் கூடாது என்று மிஸ்டர் ஹோல்ட் மூன்று தரம் சொன்னார். இந்தக் கடிதத்தை நாளைக் காலையில் முதல் வேலையாகப் போடுகிறேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள். நான்தான் கூப்பிட்டேன், நான்தான் வேண்டாம் என்கிறேன்.

கௌரி


ஃபோர்ட் வில்லியம்
24 மே 1991

கௌரி,

நான் வருவேன்.

உன் கடிதத்தைக் கண்டு அத்தானும் வேண்டாம் என்றார். நான் இரவு முழுக்க யோசித்தேன். நான் களவு செய்யவில்லை. இரண்டு வருடமாக ஒளித்திருப்பதுபோல இருந்துவிட்டேன். அவர் என்னைக் கண்டு திரும்பி நடந்தால் நடக்கட்டும். அவர் முகத்தையாவது பார்த்துவிடுவேன். பாதை தவறாமல் பின்னாலே போவேன், பத்தடி தள்ளி. வெளியில் கூரை இல்லைத்தானே.

நீ பயப்படாதே. சிவப்புக் கோட்தான் போட்டு வருவேன்.

அக்கா


க்ளென் நெவிஸ் விடுதி
28 மே 1991, இரவு

அக்கா,

நீங்கள் இருக்கும் ஊரில் இருந்தே உங்களுக்கு எழுதுகிறேன்! இதைத் தபாலில் போட மாட்டேன். நாளைக்கு உங்கள் கையில் தருவேன், தைரியம் இருந்தால். போர்வைக்குள் ரோர்ச் லைற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து இப்படி.

உங்கள் கடிதத்தை லலிதா ரயில் நிலையத்தில் வைத்துத் தந்தாள். ரயிலின் கழிவறைக்குள் வாசித்தேன். வெளியே வந்தால் அப்பா நிற்கிறார்! "வயித்துக்கை ஏதும் செய்யுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கைப்பையில் இருந்து ஓமத் தண்ணி தந்தார். குடித்தேன்.

அவருடைய கோலத்தை நாளைக்குப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். தலையில் குரங்குத் தொப்பி, தபால் கந்தோரில் போட்ட காற்சட்டை, புதுச் சப்பாத்து, அந்தப் பெரிய கறுப்புக் குடை. எனக்கு வாங்கிய கடையிலேயே தனக்கும் சப்பாத்து வாங்கியிருக்கிறார், எங்களுக்குத் தெரியாமல். மிஸ்டர் ஹோல்ட், மலையில் குடை பிடிக்க முடியாது என்று விளக்கிச் சொன்னார். அப்பா, "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டுக் குடையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வெளியே மழை. யன்னலுக்கு அந்தப் பக்கம் எதுவோ பெரிதாக இருக்கிறது. தெரியவில்லை, ஆனால் இருக்கிறது என்று தெரிகிறது.

கௌரி


ஃபாரஸ்ட் கேட்
2 ஜூன் 1991, இரவு

அன்புள்ள அக்கா,

கால் இரண்டும் மரக்கட்டை. படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். ஆனால் நான் ஏறிவிட்டேன்! இந்த நாட்டில் அந்த நேரம் என்னைவிட உயரத்தில் வேறு யாரும் இல்லை, உங்களைத் தவிர!

நீங்கள் பார்க்காததை முதலில் சொல்கிறேன். அப்பா ஒரு தரமும் பின்தங்கவில்லை. வளைந்து வளைந்து போகும் பாதையில் பொடியன்கள் இருந்து இளைத்தபோது, அவர் ஒவ்வொரு வளைவிலும் குடையை ஊன்றி நின்று, "ஒண்டு... ரெண்டு..." என்று எல்லோரையும் எண்ணினார். ஓர் இடத்தில் மேகம் வந்து எங்களை மூடியது. எனக்கு முன்னால் போனவளின் முதுகுப்பை மட்டும் தெரிந்தது. பிறகு காலடியில் பனி. மே மாதத்தில் பனி, அக்கா! நான் குனிந்து அள்ளி வாயில் போட்டேன். அப்பா கண்டார். பேசுவார் என்று நினைத்தேன். அவரும் கொஞ்சம் அள்ளி, மணந்து பார்த்துவிட்டு எறிந்தார்.

உச்சியில் ஐஸ் மழை முகத்தில் குத்தியது. "எல்லாரும் உள்ளே!" என்று மிஸ்டர் ஹோல்ட் கத்தினார். நான் கல்லில் ஏறிக் கொட்டிலுக்குள் தலையை விட்டேன். சிவப்பு. கத்தமாட்டேன் என்று இருந்தேன், கத்திவிட்டேன். உங்கள் கோட்டில் முகத்தைப் புதைத்தபோது ஹொட்டேல் சவர்க்கார மணம்.

அதற்குள் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு கையைக் கதவில் வைத்தார். உங்களைக் கண்டார். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அப்பா, உள்ளுக்கை வாங்கோ. விறைச்சுப் போவியள்."

"ஏலாது, பிள்ளை. கற்பூரம் அணைச்சனான்."

மிஸ்டர் ஹோல்ட் ஆங்கிலத்தில் உள்ளே வரும்படி கெஞ்சினார். அப்பா, "நோ, தாங்க் யூ. ஐ ஆம் ஆல் ரைட்" என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். மீசையில் ஐஸ் பிடித்திருந்தது. கீழே இறங்கி மேகத்துக்குள் போய்விட்டார். நான் கத்தினேன். நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்தீர்கள். நானும் வரப் பார்த்தேன், மிஸ்டர் ஹோல்ட் என் தொப்பியைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டார்.

கதவு இடுக்கால் பார்த்தேன். மேகம் ஒரு தரம் விலகியது. கீழே, அந்த உடைந்த சுவர்களுக்கு நடுவில், ஒரு கல்லில் இரண்டு பேரின் முதுகு. ஒரு கறுப்புக் குடை, உள் வெளியாகத் திரும்பின குடை. பிறகு மேகம் மூடிவிட்டது.

அக்கா, என்ன நடந்தது? நாங்கள் கொட்டிலை விட்டு வெளியே வந்தபோது நீங்கள் இறங்கிவிட்டீர்கள். அப்பா ரயிலில் ஒரு தரம் மட்டும் கேட்டார்: "அந்தப் பாதையாலை ஒராள் இறங்கினால் எத்தினை மணிக்கு வீட்டை போய்ச் சேரலாம்?" நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

எனக்கு எல்லாம் சொல்லுங்கள். ஒரு சொல்லும் விடாமல்.

கௌரி


ஃபோர்ட் வில்லியம்
9 ஜூன் 1991

கௌரிக் குட்டி,

ஒரு சொல்லும் விடாமல் சொல்கிறேன். கனக்கச் சொற்கள் இல்லை.

நான் இறங்கியபோது அவர் பழைய கட்டடத்தின் வாசல் இருந்த இடத்தில் நின்றார். கதவு இல்லாத வாசல், ஆனாலும் அதன் வழியாகத்தான் உள்ளே போனார். நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். மூலைக்கு மூலை திரும்பிப் பார்த்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன், உனக்கு எழுதியதுபோல. திரும்பாமலே, "பாத்தனான். கூரை இல்லை. வா" என்றார்.

உள்ளே போனேன். ஒரு கல்லைக் காட்டி, "இரு" என்றார். இருந்தேன். அவரும் பக்கத்தில் இருந்து குடையை விரித்தார். விரித்த உடனேயே காற்று அதைத் திருப்பிப் போட்டது. அப்படியே என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அப்பா, குடை கூரை இல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். உண்மையாகவே யோசித்தார், கௌரி. "கையிலை பிடிக்கிறது கூரையாகாது" என்றார்.

பிறகு சுவரைத் தட்டிப் பார்த்து, "ஆர் இருந்த வீடு?" என்றார். இங்கே ஆட்கள் இருந்து, இரவு பகல் பாராமல் மணிக்கொரு தரம் காற்றையும் குளிரையும் எழுதி, கம்பி வழியாகக் கீழே ஊருக்குத் தந்தி அனுப்பினார்கள் என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"இஞ்சையிருந்து தந்தியோ! மாரியிலையும்?"

"மாரியிலையும்."

"இரவிலையும்?"

"ஓம், அப்பா. மணிக்கு ஒருக்கா."

குடையில் இருந்து ஐஸ் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, "மணிக்கு ஒருக்கா" என்றார். "நான் ரெண்டு வருசமா ஒருக்காலும் உன்னை விசாரிக்கேல்லை."

அவர் கையைப் பிடித்தேன். விறைத்திருந்தது. உள்ளங்கையில் அந்தக் கொப்புளத்தின் தழும்பு.

உன் களவும் பிடிபட்டுவிட்டது. மார்ச் மாதமே உன் புவியியல் புத்தகத்துக்குள் ஓர் உறை இருந்ததாம். "திறக்கேல்லை. ஆரின்டை கடிதத்தையும் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மேலை குத்தியிருந்த முத்திரையை மட்டும் வாசிச்சனான்." ஃபோர்ட் வில்லியம். அதனால்தான் படிவத்தில் விரல் நின்றது. கால் சுளுக்கின ஆள் சுளுக்காவிட்டாலும் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கோட்டுக்குள் இருந்து ஒரு பை எடுத்துத் தந்தார். பருத்தித்துறை வடை. "கொம்மா கௌரிக்கெண்டு தந்தவ. அரைக் கிலோ கூடத்தான் இருக்கு." அம்மாவும் பேசாமல் தெரிந்துவைத்திருக்கிறார், பார்.

"அந்தப் பொடியன் எங்கை?" என்று கேட்டார். ஏரியடியில் நிற்கிறார் என்றேன். நான் முந்தி வீட்டுக்குப் போய்விட்டேன்; நீங்கள் எல்லோரும் இறங்கிவரும்போது குடையோடு ஒருவர் அத்தானிடம் வந்து, ஒரு போத்தல் மூடித் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, "சீனி காணாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அத்தான் ஊர் முழுக்க இதைத்தான் இப்போது சொல்லித் திரிகிறார். மலை ஏறிய கதை பழசாகிவிட்டது.

ஆனால், கௌரி, அவர் எழும்பும்போது, "வாக்கு வாக்குத்தான்" என்றும் சொன்னார். "வீட்டுக்குக் கூரை இருக்கு." அதற்கு மேலே நான் கேட்கவில்லை. அந்த ஒரு கல்லும் அந்த இருபது நிமிடமும் எனக்குப் போதும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அது பாதி பொய்.

உன் அக்கா


ஃபாரஸ்ட் கேட்
30 ஜூன் 1991, பகல் இரண்டு மணி

அன்புள்ள அக்கா,

மேலே நேரத்தைப் பார்த்தீர்களா? சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். குழாய் திறக்கவில்லை. இந்த உறையின் விலாசம் அப்பாவின் எழுத்து. முத்திரையும் அவர் வாங்கியதுதான். நான் கோணலாக ஒட்டினேன் என்று உரித்து நேராக ஒட்டினார்.

விஷயத்துக்கு வருகிறேன், எனக்குப் பொறுமை இல்லை!

குசினிக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் பத்தி ஞாபகம் இருக்கிறதா? மூன்று பக்கமும் செங்கல் சுவர், பக்கத்துச் சந்து ஒழுங்கைக்கு ஒரு கதவு, மேலே நெளிந்த பிளாஸ்ரிக் தகடு. இன்று காலையில் அப்பா வேலையால் வந்து படுக்கவில்லை. ஏணி வைத்து ஏறினார். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புல்லில் அடுக்கினார். நான் கீழே நின்று ஆணிகளைத் தகரப் பேணியில் வாங்கினேன்.

அம்மா வாசலுக்கு வந்து, "என்னப்பா, உங்களுக்கு விசரோ? மெஷின் நனையப்போகுது!" என்று கத்தினார். பிறகு அண்ணாந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார், ஒழுங்கைக் கதவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். உள்ளே போய், சுவாமி அறையில் இருந்த நல்ல பாயைக் கொண்டுவந்து தட்டி உதறினார். மெஷினுக்குக் குப்பைப் பையால் சட்டை போட்டுவிட்டார்.

ஓகஸ்ட் மாத வங்கி விடுமுறைக்கு நீங்களும் அத்தானும் வர வேண்டுமாம். ஒழுங்கைக் கதவால் வர வேண்டுமாம். மழை பெய்தாலும் சாப்பாடு அங்கேதானாம். புதுக் குடை வாங்கியாயிற்று, இரண்டு. அத்தான் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடப் பழகிக்கொண்டு வரட்டுமாம்.

கடைசித் தகட்டைக் கழற்றும்போது பக்கத்து வீட்டு மிஸிஸ் டொயில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உங்கள் கூரை ஒழுகுகிறதா, என் மகனுக்குத் தெரிந்த ஒரு வேலைக்காரன் இருக்கிறான், கூப்பிடவா என்று கேட்டார்.

அப்பா ஏணியில் நின்றபடியே குரங்குத் தொப்பியைச் சரிசெய்தார். ஜூன் மாதத்தில் குரங்குத் தொப்பி, அக்கா, மேலே ஏறுவதென்றால் இப்போது அது வேண்டும் அவருக்கு.

"நோ, தாங்க் யூ," என்றார். "இற் இஸ் எ வெரி குட் ரூஃப். மை டோட்டர் இஸ் கமிங்."

கௌரி